முதல் கேள்வி, இது யார் நிலம்? அமெரிக்காவின் தொல்பொருள் சட்டங்கள்: ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் ஒரு கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், அரசு நிலத்தில், புதைந்திருக்கும் ஆயிரம் ஆண்டுப் பழைய பானையைத் தோண்டி எடுத்தால் ஜெயிலுக்குப் போக நேரலாம். அதே வேலிக்கு அந்தப் பக்கம், தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு தோண்டினால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். எடுத்த பானையை விற்றுக் காசும் பார்க்கலாம். இரண்டு பானைகளையும் ஒரே கை வனைந்திருக்கலாம், ஒரே சூளையில் சுட்டிருக்கலாம். அதெல்லாம் கணக்கில் வராது.

இந்த விசித்திரத்தைப் பிடித்துக்கொண்டால் அந்த நாட்டின் தொல்பொருள் சட்டங்களில் பாதி புரிந்த மாதிரி. பொருள் என்ன, அதன் வயது என்ன, அதைச் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் யார் என்பதெல்லாம் அங்கே பின்னால் வந்த கேள்விகள். சட்டம் முதலில் கேட்டது நிலம் யாருடையது என்று. மற்றக் கேள்விகளையும் கேட்கப் பழகிக்கொள்ள அதற்கு 80 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

சரி, அரசு நிலம் என்றால் எவ்வளவு? அமெரிக்காவின் மொத்த நிலத்தில் சுமார் 28 சதவீதம், ஏறக்குறைய 64 கோடி ஏக்கர், மத்திய அரசுக்குச் சொந்தம். அதில் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில் இருக்கிறது. நெவாடாவில் சுமார் 80 சதவீதம் மத்திய அரசின் நிலம். யூட்டாவில் 60 சதவீதத்துக்கு மேல். கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் என்று நாம் கேள்விப்படும் தேசியப் பூங்காக்களின் பங்கு இதில் சிறியதுதான், சுமார் 8 கோடி ஏக்கர். நில மேலாண்மைத் துறையிடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர், வனத்துறையிடம் சுமார் 19.3 கோடி. வனவிலங்குப் புகலிடங்களும் ராணுவ நிலங்களும் தனி. பூங்கா என்றால் வாசல், டிக்கெட், காவலர் எல்லாம் இருக்கும். நில மேலாண்மைத் துறையின் நிலமோ பல இடங்களில் வெறும் பொட்டல். ஒரு போர்டுகூட இருக்காது. ஆனால் அங்கேதான், பாறை இடுக்குகளிலும் ஓடைக் கரைகளிலும், பியூப்ளோ என்ற பூர்வகுடி மக்களின் முன்னோர்கள் விட்டுப்போன வீடுகளும் தானியக் குதிர்களும் கல்லறைகளும் கிடக்கின்றன. யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களும் ஒரே புள்ளியில் சந்திக்கும் வட்டாரத்தில் அவை ஏராளம். இந்தச் சட்டங்களின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

ரயிலேறிய பெட்டிகள்

1888 டிசம்பரில், கொலராடோவின் தென்மேற்கு மூலையில், தொலைந்த மாடுகளைத் தேடிப் போனார்கள் ரிச்சர்ட் வெதரில் என்ற பண்ணைக்காரரும் அவருடைய மைத்துனரும். மேசா வெர்டே என்ற மேட்டுநிலத்தின் விளிம்பில் நின்று பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் பார்த்தபோது, பாறைக் குடைவுக்குள் ஒரு முழு ஊரே தெரிந்தது. சுமார் 150 அறைகள். இன்று அதன் பெயர் கிளிஃப் பேலஸ். காலங்காலமாக அந்த வட்டாரத்தில் வாழ்ந்த யூட் பூர்வகுடி மக்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. வந்து குடியேறியவர்களுக்குத்தான் கண்டுபிடிப்பு. வெதரில் குடும்பம் அங்கே தோண்டிப் பொருட்களைச் சேர்த்தது, விற்றது, ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டவும் செய்தது.

1891-இல் குஸ்டாஃப் நோர்டன்ஷோல்டு என்ற சுவீடன் நாட்டு இளைஞர் வந்தார். வெதரில் ஆட்களின் துணையோடு தோண்டினார். கிடைத்ததைப் பெட்டிகளில் அடைத்து, டுராங்கோ ரயில் நிலையத்திலிருந்து அனுப்பப் பார்த்தபோது உள்ளூர்க்காரர்கள் கொதித்துப்போய்க் கைது செய்ய வைத்தார்கள். கைது செய்தாயிற்று, எந்தச் சட்டத்தின்படி வழக்குப் போடுவது? அப்படி ஒரு சட்டமே இல்லை. விட்டுவிட்டார்கள். பெட்டிகள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. கடைசியில் ஃபின்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாயின. அவற்றில் மனித எலும்புகளும் இருந்தன. 20 பேருடைய எச்சங்களும் அவர்களோடு புதைத்திருந்த 28 பொருட்களும் 2020-இல்தான் திரும்பி வந்து மேசா வெர்டேயிலேயே மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. மீதிப் பொருட்கள் இன்னும் ஹெல்சின்கியில்.

நோர்டன்ஷோல்டைத் திருடர் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். உண்மையில் அந்தக் காலத்து வழக்கத்தோடு ஒப்பிட்டால் அவர் கவனமானவர். அளந்தார், படம் எடுத்தார், எது எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்துப் பிறகு புத்தகமாகவும் வெளியிட்டார். அவருக்கு முன்னும் பின்னும் வந்த பலர் இந்த எதையும் செய்யவில்லை. புராதனப் பொருள் தேடி வந்தவர்கள் குளிருக்கு இதமாக அந்த வீடுகளின் கூரை உத்தரங்களையே பிடுங்கி எரித்தார்கள். பானை போனதைவிட இந்தக் கட்டை போனது பெரிய நஷ்டம் என்பேன். ஏனென்றால் 1929-இல் ஏ. இ. டக்ளஸ் என்ற வானியலாளர், மரத்தின் ஆண்டு வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி, தென்மேற்கின் பழைய உத்தரங்கள் எந்த ஆண்டு வெட்டப்பட்டவை என்று சொல்லும் வழியை முழுமையாக்கிவிட்டார். ஓர் அறையின் உத்தரம் 1200-களில் வெட்டியது என்று தெரிந்தால், அந்த அறைத் தரையில் கிடக்கும் பானை ஓட்டின் காலமும் தெரியும். அதே பாணியில் வேறெங்கே ஓடு கிடைத்தாலும் அதற்கும் காலம் சொல்லலாம். கட்டை சாம்பலானால் இந்தச் சங்கிலி அறுந்தது. பானையை அதன் இடத்திலிருந்து உருவி எடுத்தாலும் அறுந்தது. தொல்பொருள் சட்டங்கள் காப்பாற்றப் பார்ப்பது பானையை மட்டுமல்ல, பானைக்கும் மண்ணுக்கும் பக்கத்தில் கிடந்த மற்றதற்கும் உள்ள இந்த உறவையும்தான். பிடுங்கி எடுத்த பிறகு அதே பானையைக் கொண்டுவந்து அதே குழியில் வைத்தாலும் அது திரும்பாது.

ஒரு பக்கச் சட்டம்

1906 ஜூன் 8 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பழம்பொருட்கள் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் சட்டம். அயோவாவைச் சேர்ந்த, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஜான் லேசி அவையில் கொண்டுவந்தார். அதன் வாசகத்துக்குப் பின்னால் எட்கர் ஹெவெட் என்ற தொல்லியலாளரின் உழைப்பு இருந்தது.

அது சொன்னது மூன்று விஷயம். அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் இடிபாடுகளையோ 'பழம்பொருள்' எதையுமோ எடுத்தால், சிதைத்தால், 500 டாலர் வரை அபராதம் அல்லது 90 நாள் வரை சிறை, அல்லது இரண்டும். தோண்ட வேண்டும் என்றால் சம்பந்தப்பட்ட துறையிடம் பர்மிட் வாங்க வேண்டும். அதுவும் அருங்காட்சியகம், பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் அறிவுத் தேடலுக்காக மட்டும். மூன்றாவதுதான் வில்லங்கமானது: வரலாற்று அல்லது அறிவியல் முக்கியத்துவம் உள்ள அரசு நிலத்தை அதிபர் தாமாகவே 'தேசிய நினைவுச் சின்னம்' என்று அறிவிக்கலாம். காங்கிரஸின் ஒப்புதல் வேண்டாம். நிலத்தின் அளவு, பாதுகாப்புக்குத் தேவையான மிகச் சிறிய பரப்பாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

மிகச் சிறியது என்றால் எவ்வளவு? ரூஸ்வெல்ட் 1908-இல் கிராண்ட் கேன்யனில் 8 லட்சம் ஏக்கருக்கு மேல் அறிவித்தார். அங்கே கீழிறங்கும் பாதையைச் சுற்றிச் சுரங்க உரிமை போட்டு வைத்துக்கொண்டு, இறங்குகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு டாலர் வசூலித்துக்கொண்டிருந்த ரால்ஃப் கேமரன் கோர்ட்டுக்குப் போனார். 1920-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆள் சளைக்கவில்லை, அதே ஆண்டில் செனட்டுக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

இந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. வயோமிங்கில் காங்கிரஸின் சம்மதம் இல்லாமல் புதிய நினைவுச் சின்னம் அறிவிக்கக் கூடாது என்று 1950-இல் சட்டம் வந்தது. யூட்டாவின் பேர்ஸ் இயர்ஸ் பகுதியில் ஹோப்பி, நவாஹோ, ஜூனி, இரண்டு யூட் இனங்கள் ஆகிய ஐந்து பூர்வகுடி இனங்களின் அரசுகளும் சேர்ந்து கேட்டதன் பேரில், 2016 டிசம்பரில் ஒபாமா 13.5 லட்சம் ஏக்கரை அறிவித்தார். ஓராண்டுக்குள் டிரம்ப் அதில் 85 சதவீதத்தை வெட்டினார். 2021-இல் பைடன் திருப்பிக் கொடுத்தார். அறிவிக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. முன்னவர் அறிவித்ததைக் குறைக்கவும் அதிகாரம் உண்டா என்பதைச் சொல்லவில்லை. ஒரு பக்கத்தில் சட்டம் எழுதினால் இப்படித்தான்.

முகமூடி வழக்கும் 1979-ம்

சட்டத்தின் இன்னொரு ஓட்டை 'பழம்பொருள்' என்ற சொல். அது எத்தனை ஆண்டுப் பழையதாக இருக்க வேண்டும் என்று 1906 சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. அரிசோனாவில் சான் கார்லோஸ் அப்பாச்சி மக்களின் நிலத்தில் ஒரு குகையிலிருந்து சடங்கு முகமூடிகளை ஒருவர் எடுத்துச் சென்று விற்றார். அவை அப்பாச்சிகளுக்குப் புனிதமானவை. ஆனால் செய்து நான்கைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பழைய மரபைச் சேர்ந்த பொருள் என்றால் நேற்றுச் செய்திருந்தாலும் பழம்பொருளே என்று அரசுத் தரப்பு வாதிட்டது. ஒரு சாதாரண மனிதர் இந்தச் சொல்லை வாசித்து அதைப் புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டது ஒன்பதாவது வட்ட (பல மாநிலங்கள் சேர்ந்தது ஒரு வட்டம்) மேல்முறையீட்டு நீதிமன்றம். தண்டிக்கிற அளவுக்குச் சட்டம் தெளிவாக இல்லை என்று 1974-இல் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கிவிட்டது. அந்த வட்டத்துக்குள் அரிசோனா, கலிஃபோர்னியா, நெவாடா எல்லாம் அடக்கம். அதாவது திருட்டு அதிகம் நடக்கும் இடங்களில் பாதியில் சட்டத்தின் பல் கழன்றுவிட்டது. நியூ மெக்சிகோ, யூட்டாவை உள்ளடக்கிய பத்தாவது வட்டம் 1979-இல் இதற்கு நேர்மாறாகச் சட்டம் செல்லும் என்றது.

பல் இருந்திருந்தாலும் 500 டாலரில் யார் பயப்படப் போகிறார்கள்? 1970-களில் நல்ல பானை ஒன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோனது. அபராதம் என்பது தொழில் செலவில் ஒரு வரி.

அதனால்தான் 1979 அக்டோபர் 31 அன்று தொல்லியல் வளங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் ஜிம்மி கார்ட்டர். 1906 சட்டம் மழுப்பிய இடங்களை எல்லாம் இது விரித்து எழுதியது. குறைந்தது 100 ஆண்டுப் பழமை, அதோடு தொல்லியல் அக்கறைக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். பானை, கூடை, பாட்டில், ஆயுதம், கருவி, கட்டட மிச்சம், பாறை ஓவியம், பாறைச் செதுக்கல், கல்லறை, மனித எலும்பு என்று வரிசையாகப் பட்டியலும் போட்டது. 100 ஆண்டு என்பது நகரும் கோடு என்பதைக் கவனியுங்கள். சட்டம் வந்தபோது அது 1879-க்கு முந்தையதைக் குறித்தது. இன்றோ 1920-களின் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளி தூக்கிப் போட்ட பாட்டில்கூட இந்தக் கணக்குக்குள் வர ஆரம்பித்துவிட்டது.

தண்டனை: முதல் குற்றத்துக்கு 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. பொருளின் மதிப்பும் சேதத்தைச் சரிசெய்யும் செலவும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டினால் 20,000 டாலர், இரண்டாண்டு. மறுபடி மாட்டினால் ஒரு லட்சம் டாலர், ஐந்தாண்டு. அந்த வரம்பு முதலில் 5,000 டாலராக இருந்தது. 1988-இல் 500-ஆகக் குறைத்தார்கள். தோண்ட முயன்றாலே குற்றம் என்பதையும் அப்போதுதான் சேர்த்தார்கள். திருட்டுக்குப் பயன்பட்ட வண்டி, கருவிகள் பறிமுதலாகும். துப்புக் கொடுப்பவருக்கு அபராதத்தில் பாதி, அதிகபட்சம் 500 டாலர் வரை, வெகுமதி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மதிப்பிடும் முறை. சந்தை விலை ஒரு கணக்கு. 'தொல்லியல் மதிப்பு' என்று இன்னொரு கணக்கும் உண்டு: திருடன் மண்வெட்டியால் கிளறிய அதே குழியை, முறையாக அகழாய்வு செய்து, ஆய்வகத்தில் சோதித்து, அறிக்கை எழுதியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்? அதுதான் மதிப்பு. ஆகவே ஒன்றுக்கும் உதவாத நாலு ஓடுதான் கிடைத்தது என்று சொல்லி ஒருவர் தப்ப முடியாது. கெட்டுப்போனது மண் அடுக்குகளில் இருந்த தகவல். அதற்குச் சட்டமே விலை போட்டுவிட்டது.

பிடித்தவர்களைத் தண்டிக்கும்போது நீதிமன்றங்களும் திணறியிருக்கின்றன. யூட்டாவில் பலமுறை பிடிபட்ட ஒரு கொள்ளைக்காரருக்கு 1995-இல் 78 மாதச் சிறை விதிக்கப்பட்டது. போர்வையில் சுற்றிப் புதைத்திருந்த ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டைக் கலைத்தது அவருடைய குற்றங்களில் ஒன்று. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத ஒருவருக்கு எதிரான குற்றம் என்று சொல்லிக் கீழ்க் கோர்ட் தண்டனையைக் கூட்டியது. எலும்புக்கூடு சட்டப்படி 'பாதிக்கப்பட்டவர்' ஆக முடியாது என்று 1997-இல் மேல் கோர்ட் அந்தப் பகுதியை மட்டும் தள்ளுபடி செய்தது. சட்டப்படி சரியான தீர்ப்புதான். ஆனாலும் படிக்கும்போது என்னவோ செய்கிறது.

சட்டத்தில் ஒரு சலுகையும் உண்டு. தரை மேல் கிடக்கும் அம்பு முனையைப் பொறுக்கினால் இந்தச் சட்டத்தின் தண்டனைகள் பாயாது. கார்ட்டரே ஜார்ஜியா வயல்களில் அம்பு முனை பொறுக்குவதில் ஆர்வம் உள்ளவர். இதை நம்பி யாரும் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அரசுச் சொத்தைத் திருடுவது, பூங்கா விதியை மீறுவது என்று வேறு சட்டங்கள் காத்திருக்கின்றன.

பிளாண்டிங் ஊரில் நடந்தது

சட்டம் வேறு, ஊர் வழக்கம் வேறு. யூட்டாவின் பிளாண்டிங் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பிப் பழைய மேடுகளில் பானை தேடுவது பல தலைமுறைப் பொழுதுபோக்கு. தாத்தா செய்தார், அப்பா செய்தார், நான் செய்தால் குற்றமா என்பது அங்கே நிஜமாகவே கேட்கப்பட்ட கேள்வி. மத்திய அரசு ஒரு பழம்பொருள் வியாபாரியையே உளவாளியாக்கி, உடம்பில் கேமராவை மறைத்து அனுப்பியது. அவர் இரண்டாண்டுகளுக்கு மேல் சுற்றி, மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து 250-க்கும் அதிகமான பொருட்களை வாங்கினார். 2009 ஜூனில் ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் ஒரே நேரத்தில் பல வீடுகளில் நுழைந்தார்கள். 24 பேர் மேல் குற்றச்சாட்டு. சில நாட்களுக்குள் அவர்களில் இருவர், ஒருவர் ஊரில் மதிப்பான டாக்டர், தற்கொலை செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு அந்த உளவாளியும். ஆயிரக்கணக்கான பொருட்கள் மீட்கப்பட்டன. தண்டனை என்று பார்த்தால் பெரும்பாலும் நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை அல்ல.

சோதனை போட்ட விதம் சரியா என்று அந்த ஊர் இன்னும் கேட்கிறது. அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். அதே சமயம், அங்கே பொழுதுபோக்காகத் தோண்டப்பட்டவற்றில் கல்லறைகளும் இருந்தன. அந்தக் கல்லறைக்காரர்களின் வாரிசுகள் கொஞ்ச தூரத்தில்தான் வாழ்கிறார்கள். அவர்களுடைய கோபத்தைப் பற்றி அந்தச் சமயத்துப் பத்திரிகைகள் எழுதியது குறைவு.

அரசே புல்டோசர் ஓட்டினால்?

இதுவரை சொன்னதெல்லாம் தனிமனிதத் திருட்டு. அணை கட்டுவதும் நெடுஞ்சாலை போடுவதும் அரசாயிற்றே? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் நெடுஞ்சாலைகள் பழைய நகரங்களின் நடுவே போயின. நகரச் சீரமைப்பு என்ற பேரில் தெருத் தெருவாக இடித்தார்கள். 1963-இல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது, அது தனியார் கட்டடம் என்றாலும், நாடு முழுக்க ஒரு சங்கடம் பரவியது. 1966-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சூழலில் பிறந்தது. அது வரலாற்று இடங்களுக்கு ஒரு தேசியப் பதிவேட்டை உண்டாக்கியது. பொதுவாக 50 ஆண்டு ஆகியிருந்தால் ஓர் இடத்தைப் பரிசீலிக்கலாம்.

அதன் 106-ஆவது பிரிவைப் பற்றித்தான் அங்கே தொல்லியல் வேலை செய்பவர்கள் தினமும் பேசுகிறார்கள். மத்திய அரசின் துறை ஏதாவது செய்தாலோ, பணம் கொடுத்தாலோ, அனுமதி கொடுத்தாலோ, அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். மாநிலத்தின் வரலாற்றுப் பாதுகாப்பு அதிகாரியையும் சம்பந்தப்பட்ட பூர்வகுடி அரசுகளையும் கலந்து பேச வேண்டும். 'யார் நிலம்' என்ற கேள்வி இங்கே கொஞ்சம் நெகிழ்கிறது: தனியார் நிலத்தில் எழும்பும் செல்போன் கோபுரம்கூட, அலைவரிசை உரிமம் மத்திய அரசுடையது என்பதால், இந்த வளையத்துக்குள் வரும். ஆனால் கலந்து பேச வேண்டும் என்பதுதான் கட்டாயம். பேசி முடித்த பிறகு, சரி, இடிப்போம் என்று துறை முடிவெடுத்தால் இந்தப் பிரிவு தடுக்காது. பல்லில்லாத சட்டம் என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. ஆனாலும் இன்று அமெரிக்காவில் நடக்கும் தொல்லியல் வேலையில் பெரும்பகுதி பல்கலைக்கழக ஆராய்ச்சியால் நடப்பதல்ல, இந்தப் பிரிவு கேட்கும் கள ஆய்வுகளால் நடப்பது. சாலையின் தடத்தைச் சற்று நகர்த்தினால் போதும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் பல துறைகள் நகர்த்தத்தான் செய்கின்றன.

யாருடைய முன்னோர்?

1906 சட்டத்தின் கண்ணில் பூர்வகுடி மக்களின் கல்லறையும் அரசு நிலத்தில் கிடக்கும் இன்னொரு பொருள். பர்மிட் வாங்கிய அருங்காட்சியகம் எலும்புகளைக் கொண்டுபோய் அலமாரியில் வைப்பது முழுக்கச் சட்டப்படியான காரியம். 1979 சட்டம் சற்று இறங்கி வந்தது: பூர்வகுடி நிலத்தில் தோண்ட அந்த மக்களின் சம்மதம் வேண்டும், அவர்களுடைய புனித இடம் பாதிக்கப்படும் என்றால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். ஆனால் அரசு நிலத்தில் கிடைத்தது அப்போதும் அரசுச் சொத்து. 1990 நவம்பரில் வந்த பூர்வகுடிக் கல்லறைகள் பாதுகாப்பு மற்றும் திருப்பியளிப்புச் சட்டம்தான் வேறு கேள்வியைக் கேட்டது. மத்திய அரசின் பணம் பெறும் அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள எலும்புகளையும் கல்லறைப் பொருட்களையும் கணக்கெடுத்து, உரியவர்களுக்குத் தெரிவித்து, கேட்டால் திருப்பித் தர வேண்டும். அரசு நிலத்தில் புதிதாகக் கிடைத்தால் வாரிசுகளுக்கும், பிறகு தொடர்புள்ள இனத்துக்கும் உரிமை.

1996 ஜூலையில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய சோதனை வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் கென்னவிக் ஊரில், படகுப் பந்தயம் பார்க்க வந்த இரண்டு இளைஞர்கள் கொலம்பியா ஆற்றில் ஒரு மண்டையோட்டைக் கண்டார்கள். போலீஸ் கொலை வழக்கோ என்று பார்த்தது. இடுப்பெலும்பில் கல் ஈட்டிமுனை ஒன்று பதிந்திருந்தது; வயது ஏறக்குறைய 9,000 ஆண்டு. நிலம் ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் இருந்தது. எங்கள் மூதாதை, அடக்கம் செய்ய வேண்டும் என்று உமடில்லா, யாக்கமா, நெஸ் பெர்ஸ் முதலான இனங்கள் கேட்டன. எட்டு விஞ்ஞானிகள் வழக்குப் போட்டார்கள். இன்றைய எந்த இனத்தோடும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, ஆகவே இந்தச் சட்டத்தின்படி இவரைப் 'பூர்வகுடி' என்றே சொல்ல முடியாது என்று 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் மரபணுச் சோதனை வந்தது: உலகின் மற்ற மக்களைவிட இன்றைய அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கே அவர் நெருக்கம். பிறகு காங்கிரஸ் வேறொரு பெரிய சட்டத்துக்குள் இதற்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தது; 2017 பிப்ரவரியில் அவரைப் புதைத்தார்கள். அறிவியலால் இழுபட்ட வழக்கை அறிவியலே முடித்தது என்று எழுதுவார்கள். அந்த இனங்களைக் கேட்டால், நாங்கள் 1996-லேயே சொன்னோமே என்பார்கள்.

தனியார் நிலம்

மறுபடி வேலிக்கு அந்தப் பக்கம் போவோம். 1987-இல் கென்டக்கியில் ஸ்லாக் பண்ணை என்ற இடத்தில், பத்துப் பேர் நிலத்துக்காரரிடம் 10,000 டாலர் கொடுத்து ஒரு பழைய கிராமத்தைத் தோண்டும் உரிமையை வாங்கினார்கள். டிராக்டர் வைத்துக் கிளறி, 400-க்கும் மேற்பட்ட குழிகள். சுற்றிலும் மனித எலும்புகள். மத்திய சட்டம் எட்டவில்லை. மாநிலத்தில் இருந்தது சிறு குற்றப் பிரிவு ஒன்றுதான்; அதுவும் நிற்கவில்லை. அந்த அதிர்ச்சியில் கென்டக்கி அடுத்த ஆண்டே தன் சட்டத்தைக் கடுமையாக்கியது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் தனியார் நிலத்துக் கல்லறைகளைக் காக்கும் சட்டம் உண்டு. பானைக்கு அப்படி இல்லை.

மத்திய சட்டத்தில் ஒரு சின்னக் கதவு மட்டும் இருக்கிறது. மாநிலச் சட்டத்தை மீறி எடுத்த பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால், நிலம் தனியாருடையது என்றாலும் 1979 சட்டம் பாயும். இந்தியானாவில் ஒரு கம்பெனி நிலத்திலிருந்த பழங்கால மண்மேட்டில் அத்துமீறி நுழைந்து எடுத்தவர் மேல் இப்படித்தான் வழக்கு நின்றது. 1993-இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது.

இந்திய வாசகருக்கு இது விநோதமாகத் தெரியக் காரணம் உண்டு. 1878-இல் வெள்ளைக்காரர் போட்ட புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தாலும் அப்படித்தான். அமெரிக்காவிலோ சொந்த நிலத்தின் மேல் சொந்தக்காரருக்கு உள்ள உரிமை அரசியலில் ஏறக்குறைய தொடக்கூடாத விஷயம். அதைத் தொடாமல் எவ்வளவு காப்பாற்ற முடியுமோ அவ்வளவுக்குத்தான் சட்டம் எழுதினார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், அப்படியே யூட்டா, அரிசோனா பக்கம் சுற்றிவரும் தமிழ்க் குடும்பங்கள் இன்று நிறைய. தேசியப் பூங்காவுக்குள் ஓடு, கல், எலும்பு எதையும் எடுக்கக் கூடாது. நில மேலாண்மைத் துறை நிலத்தில் விதி வேறு: சாதாரணக் கற்களைச் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் எடுக்கலாம், கல்லாகிப்போன மரத்தைக்கூட ஒரு நாளைக்கு 25 பவுண்டு வரை. ஆனால் மனிதக் கை பட்ட பழைய பொருள் என்றால் அங்கேயும் தொடக்கூடாது. ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் குவித்து வைப்பதும் தவறு. பார்த்தீர்கள் என்றால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவலரிடம் சொல்லுங்கள். பாறை ஓவியத்தைத் தொட வேண்டாம், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு ஆகாது. எடுத்த படத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடும்போது இடத்தின் துல்லியமான குறியீட்டை நீக்கிவிடுங்கள். தொல்லியல் இடங்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவலை 1979 சட்டமே ரகசியமாக வைத்திருக்கிறது. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டாலும் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். காரில் மெட்டல் டிடெக்டர் இருந்தால், பூங்காவுக்குள் நுழையும் முன் கழற்றி, பயன்படுத்த முடியாதபடி பையில் கட்டி வைத்துவிடுங்கள். அங்கே அதைத் தயாராகக் கையில் வைத்திருப்பதே விதிமீறல்.